பாவாவின் ஊதாப் பொறி

"மோதிரத்தக் கழட்டு. அரைஞாணக் கழட்டு. பல்லுல தங்கம் கிங்கம் இருக்கா? வாயத் திற, பாக்கலாம்."

வைத்தியத்துக்கு வருகிற எவரையும் பாவா இப்படித்தான் வரவேற்பார். ரயில் பாதையை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்த என்னையும் விட்டதில்லை. மெட்டி போட்ட பெண்களிடம் மட்டும் சற்று இறங்கி வருவார். "அதக் கழட்ட வேணாம்மா, கால கொஞ்சம் தள்ளி வச்சுக்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பிறகு ஒரு "பிஸ்மில்லா". பெட்டியின் குமிழைத் திருகுவார். ஜப்பான் சண்டைக்கு முன்பே ஊர் திரும்பிவிட்ட வெள்ளைக்கார டாக்டர் ஒருவரிடம் வாங்கிய மின்சாரப் பெட்டி அது. உள்ளே வண்டு மாட்டிக்கொண்டதுபோல் இரையும். கையிலிருக்கும் கண்ணாடிக் குழாய் ஊதாவாக ஒளிரும். தோலுக்குச் சற்றே தள்ளிப் பிடித்தால், வெறும் காற்றில் மயிரிழை மயிரிழையாக ஊதாப் பொறிகள் தாவும். இடி விழுந்த பிறகு வருமே ஒரு வாடை, அது அறை முழுக்க நிறையும்.

"ஒட்டிப் புடிச்சா கடிக்காது, தள்ளிப் புடிச்சாத்தான் கடிக்கும். சொந்தக்காரங்களுக்கு நேர் எதிர் லா!" என்று அவரே சொல்லி அவரே சிரிப்பார்.

மூட்டுவலி, படை, சொறி எல்லாவற்றுக்கும் அதே குழாய்தான். பாதிப் பேருக்குக் கேட்கும், பாதிப் பேருக்குக் கேட்காது. கேட்காவிட்டால், "இன்னிக்குக் கரண்டு சோனி" என்பார். ஜப்பான்காரன் காலத்தில் மருந்து எங்கே கிடைத்தது? அவர் வாசலில் கூட்டம் குறையவே இல்லை.

வேலாயுதம் வந்தது நாற்பத்து நாலில். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டுபோக, முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலப் புண்ணோடு தப்பி வந்தவர். காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பாவா தினமும் அந்தப் புண்ணுக்குப் பொறி காட்டினார். நாற்றம் நின்றது. ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தலைகாட்டியது. அதைத் தொட்டுப் பார்த்து அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

பாவாவுக்குப் பயமெல்லாம் பெட்டியின் இரைச்சல் மேல்தான். தெருவில் போகும் ஜப்பான்காரன் காதில் விழுந்துவிடக் கூடாதென்று, வீட்டுக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி போகும்போது மட்டுமே குமிழைத் திருகுவார். பெரிய தந்திரம் பண்ணிவிட்டதாக நினைப்பு!

நான் ரயில்வே ஆபீசில் கிராணி, எழுத்து வேலை. எங்கள் ஜப்பானிய அதிகாரியின் வீடு பாவாவுக்குப் பின்தெருவில் இருந்தது. ஒருநாள் அவர் மேஜையைக் குத்திக் கத்தினார்: ரயில் போகும்போதெல்லாம் என் வீட்டு ரேடியோ கரகரக்கிறது, எவனோ திருட்டுத்தனமாக ரயில் போக்குவரத்தை எதிரிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்!

பாவா வீட்டுக்கு ஓடினேன். "பாய், ஆபத்து சத்தத்துல இல்ல பாய், அந்தப் பொறிதான் எங்க ஜப்பான் அதிகாரி வீட்டு ரேடியோவக் கெடுக்குது. ரயில் போறப்ப மட்டும் போடுறீங்களா, உங்கள உளவாளின்னு நெனச்சிட்டான். ராணுவப் போலீஸ் தேடப்போறான்!"

"அந்தச் சனியனக் கெணத்துல போடுங்க!" என்று அவர் மனைவி மஜீதா அழுதார். பாவா பெட்டியைத் தூக்கினார், கீழே வைத்தார், மறுபடி தூக்கினார். கடைசியில் சாக்கில் கட்டி அடுப்படி மூலையில் விறகுக்கு அடியில் ஒளித்தார்.

சில நாட்களிலேயே வேலாயுதத்தின் புண் மறுபடி நாறத் தொடங்கியது. அவர் தடியூன்றி வந்து நின்றபோது நானும் அங்கே இருந்தேன்.

"மருந்துக்கு வரல பாய். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போறேன். கால் போனா போவுது, உங்க உசுரு போக வேணாம்."

தெருமுனையில் ராணுவ லோரி ஒன்று வந்து நின்றது. யாரோ ஜப்பானிய மொழியில் அதட்டினார்கள். யா அல்லா என்று மஜீதா ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

பாவா அடுப்படிக்குப் போனார். சாக்கைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பெட்டியோடு வந்து, வேலாயுதத்தை முக்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தாம் தரையில் உட்கார்ந்தார்.

"வேணாம் பாய், வேணாம்" என்று வேலாயுதம் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். பாவா அந்தக் கணுக்காலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துத் தம் மடிமேல் வைத்துக்கொண்டார். மறுகையால் குமிழைத் திருகினார்.