சும்மாவைக் கேட்கிறவர்

பின்னேர அஸர் தொழுதுவிட்டு வந்ததும் பாட்டுச் செட்டின் ஒலியை முழுதாகத் திருகிவைத்து, பாட்டு எதுவும் போடாமல், ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு குந்திவிடுவார் ஸெய்னுதீன். எதிர்வீட்டுக்காரன் நான் அந்தப் பக்கம் போனால் நானும் தப்ப முடியாது. மற்றக் காதை விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"பாட்டைப் பிறகு கேக்கலாம். முதல்ல சும்மாவக் கேளுங்க."

துறைமுகத்தில் இழுவைப் படகொன்றின் எஞ்சின் அறையில் அவருக்கு வேலை. பகலெல்லாம் அந்த இரைச்சலில் கிடந்து வருகிற மனிதர் வீட்டில் கொசு பாடினாலும் பொறுக்கமாட்டார். ஆனால் அவருடைய சும்மாவுக்குள் 'உம்' என்று ஏதோ ஒன்று இரைந்துகொண்டே இருந்தது. போன நோன்பு வரைக்கும் அவருக்கு இருந்த பெருங்கவலை அதுதான்.

குற்றவாளி பிரிட்ஜ். அவருடைய மனைவி நஜ்முன் நிஸா ஐஸ் பக்கற்றும் யோகட்டும் விற்பது அதை வைத்துத்தான். வாங்க வருகிறவர்களின் வசதிக்காக அது வாசல் அறையிலேயே நிற்கிறது. பாட்டுப் பெட்டியிலிருந்து ஒலியைப் பெருக்குகிற அம்ப்புக்குப் போகிற நீள வயர் அதன் முதுகுப்பக்கமாகத்தான் ஓடவேண்டும். மற்றச் சுவர்களெல்லாம் கதவும் ஜன்னலும். மோட்டார் ஓடினால் ஸ்பீக்கர் இரையும். ஆகவே கேட்கிற நேரத்தில் மனிதர் பிரிட்ஜையே நிறுத்திவிடுவார்.

நோன்பு மாதத்தில் பாட்டில்லை, குர்ஆன் ஓதுகிற கிராஅத்துத்தான். "ஓதுறதுக்குள்ள இரைச்சல் வரப்படாது" என்று பயபக்தியோடு ஒருநாள் பிரிட்ஜை நிறுத்தியவர், திரும்பப் போட மறந்து பள்ளிக்குப் போய்விட்டார். நோன்பு துறக்க ஐஸ் வாங்க வந்த அயலவர்களுக்குப் பக்கற்றில் சர்பத்துத்தான் கிடைத்தது. அன்றே நஜ்முன் நிஸாவின் தீர்ப்பும் வந்தது.

"பெருநாளைக்குள்ள அந்த இரைச்சல நிப்பாட்டுங்க. இல்லாட்டி செட்டு கிண்ணியாவுக்கு, தங்கச்சி வீட்ட போகும். பிரிட்ஜில இனிக் கை வைக்க ஏலாது."

அந்தத் தங்கச்சியின் பிள்ளைகளுக்கு ஸ்பீக்கரில் ஏறிக் குதிக்கிற வயது. ஸெய்னுதீனுக்கு அன்று கஞ்சி இறங்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்த வாரம் டவுனுக்குப் போய் மூன்று முள் வைத்த 'பேலன்ஸ்ட்' வயர் ஒன்றோடு வந்தார். அது என்ன என்று கேட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது என் பிழை.

"பழைய வயர்ல பாட்டு ஒரு கம்பியிலதான் போகும். வழியில இரைச்சல் ஒட்டினா ஒட்டினதுதான். இதில ரெண்டு கம்பி. ஒண்டில பாட்டு நேராப் போகும், மத்ததில தலைகீழாப் போகும். இரைச்சல் ரெண்டிலயும் ஒரே மாதிரித்தான் ஒட்டும். போய்ச் சேந்த இடத்தில தலைகீழா வந்தத நிமித்திச் சேத்தா, பாட்டும் பாட்டும் கூடிரும், இரைச்சல இரைச்சல் திண்டிரும்."

பாட்டுப் பெட்டியில் வயர் அழகாகப் பொருந்தியது. ஆனால் அவருடைய அம்ப்பின் முதுகில் மூன்று முள்ளுக்கு ஓட்டை இல்லை. விடுவாரா? ஒரு இணைப்பானை மாட்டி, பழைய ஓட்டையிலேயே சொருகிவிட்டார். பாதிக் கிணறு தாண்டிய கதைதான். இரைச்சல் இன்னும் கொஞ்சம் கொழுத்துவிட்டதுபோல எனக்குப் பட்டது.

கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற சாம்பல்தீவுக் குலசிங்கம் அவருடைய பழைய கூட்டாளி. அவர் வந்து அம்ப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரு முனை மட்டும் பேலன்ஸா இருந்து காணாது, ஸெய்னுதீன். தலைகீழா வந்ததை நிமித்திறது மற்ற முனையின்ர வேலை. உங்கட அம்ப்புக்கு அது தெரியாது."

தன்னிடம் சும்மா கிடந்த, மூன்று முள் ஓட்டை உள்ள அம்ப் ஒன்றைக் கொண்டுவந்து மாற்றிக் கொடுத்தார்.

பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் நாங்கள் எல்லோரும் வாசல் அறையில் இருந்தோம். ஸெய்னுதீன் ஒலியை முழுதாகத் திருகினார், காதை ஒட்டினார், நெடுநேரம் எழும்பவே இல்லை. பிறகு மனைவியைக் கூப்பிட்டார். நஜ்முன் நிஸாவும் முக்காட்டை ஒதுக்கிக் காதை வைத்தார்.

"ஒண்டும் கேக்கல்லையே. பழுதாக்கிப் போட்டீங்களா?"

ஸெய்னுதீனின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே சுருங்கியது.

"நீங்க பிரிட்ஜ நிப்பாட்டினீங்களா?"

"நானா? அல்லாஹ்வே, நான் தொடவுமில்ல."

நம்பவில்லை. எழும்பிப் போய்ப் பிரிட்ஜின் பக்கவாட்டில் உள்ளங்கையைப் பதித்தார். உள்ளே மோட்டார் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கையாலேயே அதை இரண்டு முறை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.