நீல ஃபைலும் ஒற்றைத் தாளும்

என்னிடம் ஒரு நீல ஃபைல் இருந்தது. ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களைக் கோடும் வட்டமுமாக நானே வரைந்து, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி வைத்திருந்தேன். கிழக்கு லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு ஒன்பது வருடம் நான்தான் அஃபென்ஸ் கோச். காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை இது. ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்து ஓடுவது அல்லது எறிவது. பந்து நம் பக்கம் இருக்கும்போது, ஒவ்வொரு முறையும் பதினொரு பேரும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவர் அஃபென்ஸ் கோச். அப்படி ஒரு முறைக்கு வகுத்து வைக்கும் திட்டத்தைத்தான் 'ஆட்டம்' என்போம்.

மலேசியாவிலிருந்து படிக்க வந்து அங்கேதான் இந்த விளையாட்டைக் கற்றேன். வேலை கிடைத்து லண்டனின் தென்கோடியில் சட்டனில் குடியேறிய பிறகும் விடவில்லை. வாரம் முழுக்க ஆபீசில் மேலதிகாரி சொல்வதைக் கேட்கிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் தன் சொல்லைக் கேட்பது சின்ன விஷயமில்லை.

தொடர்ந்து தோற்றோம். மாணவர்கள் கூடிப் பேசிப் புதிய கோச் ஒருவரைப் பிடித்துவிட்டு, என்னிடம் மிக மரியாதையாகச் சொன்னார்கள். முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுக்கும் ஐந்து தடியர்களை மட்டும் நான் பார்த்துக்கொண்டால் போதுமாம். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் சிரித்து வைத்தேன். அந்தத் திடலை விட்டால் எனக்குப் போக வேறு இடம் இல்லை.

புதிய கோச் கூரையில் ஏணி கட்டிய வேனில் வந்து இறங்கினார். முப்பது வயதுப் பெண். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜெர்மனியில் வளர்ந்து, அங்கே பெண்கள் அணியில் பல வருடம் ஆடியவர். இப்போது கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் எலக்ட்ரீஷியன். என் ஃபைலை வாங்கிப் போய் அடுத்த வாரம் பத்திரமாகத் திருப்பித் தந்தார்.

"வடிவா வரைஞ்சிருக்கிறியள் அண்ணை. ஆனா இவ்வளவத்தையும் ஆர் பாடமாக்கிறது?"

அவர் கையில் ஒரே ஒரு தாள் இருந்தது. அதில் பன்னிரண்டு ஆட்டங்கள். ஒரு டஜன் முட்டையை வைத்துக்கொண்டு கல்யாணச் சமையலா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதையும் விளக்கிவிட்டு 'விளங்கினதா' என்று கேட்க மாட்டார். யாராவது ஒருவரை நிறுத்தி, 'இப்ப நீர் எனக்குச் சொல்லும்' என்பார். முதல் நாள் என் ஃபைலிலிருந்தே ஓர் ஆட்டத்தை எடுத்து, முன்வரிசை ஐந்து பேரிடமும் இதில் உங்கள் வேலை என்ன என்று கேட்டார். கடைசியில் நடுவில் நிற்பவன், பந்தை முதலில் பின்னால் கொடுப்பவன், ஹெல்மெட்டைக் கழற்றினான். பக்கத்து ஃபாரஸ்ட் கேட் பகுதித் தமிழ்ப் பையன், கடைசி வருட மாணவன்.

"சாரி அங்கிள்," என்று தொடங்கி மீதியை ஆங்கிலத்தில் சொன்னான். "நீங்கள் எதைச் சொன்னாலும் நாங்கள் நேராகத்தான் தள்ளுவோம். வந்த வருடமே சீனியர்கள் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்."

"அப்ப ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்கள் அவ்வளவு கஷ்டப்பட்டு வரைந்திருந்தீர்களே."

என் முகம் சுண்டிப்போனது. நூறு ஆட்டம் ஆடுகிற அணி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, உண்மையில் ஒரே ஆட்டத்தை வருடக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்த அணி. நான் வட்டத்துக்குள் நின்று கத்துவேன், எல்லோரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன். மரியாதைதான், அதுதான் பிரச்சினையே.

அணி மாறத் தொடங்கியது. முன்பெல்லாம் ஒவ்வொரு முறையும் பதினொரு பேரும் கூடி நின்று நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பிரிவார்கள். இப்போது கூடுவதே இல்லை. ஓரத்தில் நின்று புதிய கோச் கையால் ஒரு சைகை காட்டுவார், உடனே வரிசையில் நிற்பார்கள். எப்போதும் ஒரே பலசாலியிடம் போய்க்கொண்டிருந்த பந்து, சின்னச் சின்ன எறிதல்களாக நாலைந்து பேர் கைக்குப் போனது. இரண்டு வருடமாகப் பந்தையே தொட்டிராத ஒரு பையன் பயிற்சியில் அதைப் பிடித்துவிட்டுத் திருப்பித் தர மாட்டேன் என்று திடல் முழுக்க ஓடினான்.

எனக்கு வயிற்றெரிச்சல்தான். அவருடைய ஆட்டங்களில் என் ஐந்து பேரும் பழையபடி நேராகத் தள்ளக் கூடாது. எல்லோரும் ஒரே பக்கமாக நகர வேண்டும். எந்தப் பக்கம் என்பது எதிரே நிற்பவர்களைப் பார்த்து மாறும். எப்படி மாறும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஒன்பது வருடம் கோச்சாக இருந்தவன் போய்க் கேட்பதா? அவர் விளக்கும்போதெல்லாம் "ஆமா, புரியுது" என்று தலையாட்டினேன். மற்றவர்களை நிறுத்திக் கேட்டவர் என்னை மட்டும் கேட்கவில்லை. அண்ணை என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

மூன்றாவது வாரம் முதல் போட்டி. இடைவேளையில் ஐவரையும் அழைத்து, தாளில் இருந்த ஓர் ஆட்டத்துக்கு இடப்பக்கம் நகருங்கள் என்றேன். முதல் முறையாக அவர்கள் நான் சொன்னதை அப்படியே செய்தார்கள். ஐந்து பேரும் இடப்பக்கம் போக, வலப்பக்கம் திறந்த கதவாகக் கிடந்தது. பந்தெறியும் பையன் மேல் இரண்டு பேர் வந்து விழுந்தார்கள். அவன் தோள் பிசகியது. போட்டியும் போயிற்று.

புதன்கிழமைப் பயிற்சிக்கு அவன் கையைக் கழுத்திலிருந்து துணித் தொட்டில் கட்டிக்கொண்டு வந்து ஓரத்தில் நின்றான். கோச் ஐவரையும் பார்த்து, ஏன் இடப்பக்கம் போனீர்கள் என்று கேட்டார். நடுவில் நிற்பவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் புல்லைப் பார்த்தான். பையன்கள் மறந்துவிட்டார்கள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதையும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். என் இடம் அப்படியே இருந்திருக்கும்.

கோச் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. இந்த ஆட்டத்தில உங்கட ஐஞ்சு பேரும் என்ன செய்யோணும்?"

'ஆமா, புரியுது' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தொட்டில் கட்டிய கையைப் பார்த்தேன்.

"எனக்குப் புரியலை. மூணு வாரமாவே புரியலை. இடப்பக்கம் போகச் சொன்னது நான்தான்," என்றேன். பிறகு அடிபட்டவனிடம் போய் அதையே ஆங்கிலத்தில் சொன்னேன்.

கோச் என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்களை நான் முதல் நாளே கேட்டிருக்கோணும். பிழை எனக்கும் இருக்கு. ஓம், அப்ப முதலிலயிருந்து பாப்பம்," என்று சொல்லிவிட்டு, ஃபாரஸ்ட் கேட் பையனிடம் எனக்கு விளக்கச் சொன்னார்.

அவன் முழங்காலிட்டு ஐந்து ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினான். பிறகு எழுந்து கையைத் தட்டிக்கொண்டான்.

"இப்ப நீங்க சொல்லுங்க, அங்கிள்."

குனிந்து சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாவது கூம்பை நகர்த்தியதும் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவன் இல்லை என்று தலையை அசைத்தான். ஒன்பது வருடத்தில் அந்தத் திடலில் யாரும் என்னைப் பார்த்து அப்படித் தலையசைத்ததில்லை. நான் மறுபடி முதல் கூம்பிலிருந்து தொடங்கினேன்.