மைனி நுழைந்த புறவாசல்

கொல்லயில் என்ற ஊரில் என் மைனியின் வீட்டில் ஒரு ஸ்டீல் அலமாரி உண்டு. அதன் கதவின் உள்பக்கத்தில் சாமி படமோ கல்யாணப் போட்டோவோ இருக்காது. இரண்டு ஓரமும் வரிசையாகத் துளையிட்ட, பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்த ஒரு தாள்தான் ஒட்டியிருக்கும். முழுக்க ஆங்கிலம். நடுவில் ஒரு வரியின் கீழே மட்டும் நீல மையில் கோடு. கோட்டைப் போட்டது நான், தாளை ஒட்டியது மைனி. புடவை எடுக்கக் கதவைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். மைனியும் ஒவ்வொரு முறையும் அலுக்காமல் சொல்வாள்.

எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மைனி என்போம். இவள் கோட்டுகாலில் இருந்து வந்தவள், என்னைவிட மூன்று வயது மூப்பு. பிரிடிகிரியும் டைப்ரைட்டிங் லோயரும் பாஸ். அண்ணன் பஸ் கண்டக்டர், வாயைத் திறந்தால் டிக்கெட்டைத் தவிர வேறு பேச்சு வராது. அந்தக் குறையையும் சேர்த்து மைனிதான் பேசுவாள். குடும்பத்தில் யாருக்குக் கல்யாண ஆலோசனை வந்தாலும், பெண் பார்க்கப் போகும் முன்பு ரகசியமாக விசாரித்து வரும் பொறுப்பு அவளுடையது. அவளுக்கென்று ஒரு முறை உண்டு. முன்வாசல் வழியாகப் போகவே மாட்டாள். வாழைக்கன்று கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு அடுக்களைப் பக்கம் போய் நிற்பாள். முன்வாசலில் எல்லாரும் நல்லவர்கள்தான் என்பது அவள் கட்சி. விறகு அடுக்கியிருக்கும் விதம், கிணற்றுக் கயிறு கிடக்கும் கிடப்பு, மாமியார் மருமகளைக் கூப்பிடும் குரல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கையில் ஒரு வாழைக்கன்றோடு திரும்பி வருவாள். எங்கள் தோட்டத்து வாழைகளில் பாதி அப்படி வந்தவை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பாறசாலை சந்திப்பில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, ஒரு கம்ப்யூட்டரும் மோடமும் வைத்து, இணையதளம் செய்து தருகிறேன் என்று உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போன் போட்டால் லோக்கல் கால். கொஞ்சம் கிழக்கே நடந்து களியக்காவிளைக்குப் போய்விட்டால் அதே கால் எஸ்.டி.டி., கட்டணம் பல மடங்கு. இணையத்தில் நுழையத் திருவனந்தபுரத்துக்குத்தான் டயல் செய்ய வேண்டும் என்பதால் என் தொழிலுக்கு எல்லையின் இந்தக் கேரளப் பக்கமே தோதாக இருந்தது. தோது இருந்ததே தவிர ஆள் வரவில்லை. நான்கு மாதம் கழித்து வந்த முதல் ஆள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். ஊரே அவரை சார் என்றுதான் அழைக்கும். இரண்டு தடித்த ரிஜிஸ்டர்களில் பெண்களின் விவரத்தை எழுதி வைத்து, வரன் பார்த்துக் கொடுப்பது அவர் வேலை. வளைகுடாவில் இருக்கும் பையன்கள் பார்க்கிற மாதிரி அதை இணையத்தில் போட்டுத் தரச் சொன்னார். ஒரே நிபந்தனை: அவர் கடவுச்சொல் கொடுத்த ஆட்கள் மட்டுமே பார்க்க வேண்டும். "எனக்க முகத்தப் பாத்தாக்கும் பிள்ளைகளுக்க போட்டோவத் தந்திருக்கினும்" என்றார்.

அதற்கான நிரலை நான் எழுதவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் இருந்தது. எழுதியவர் கடல் தாண்டி எங்கோ குளிர்தேசத்தில் இருந்த ஒரு மனிதர். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிழை கண்டால் எனக்குச் சொல்லுங்கள் என்று தலைப்பில் எழுதியிருந்தார். எனக்கு அப்போது அது பெரிய அதிசயம். பந்தியில் உட்கார்ந்தவன் சமையற்கட்டை எட்டிப் பார்ப்பானா? நானும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட வாசிக்காமல் பரிமாறிவிட்டேன்.

தளத்தின் திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் மத்தியானம் மைனி மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் கொண்டு வந்தாள். முகப்பில் கடவுச்சொல் கேட்பதைப் பெருமையாகக் காட்டினேன். உதாரணத்துக்கு என் பெயரையே முதல் பதிவாகப் போட்டிருந்ததையும் திறந்து காட்டி, பிறகு தளத்திலிருந்து வெளியே வந்து பூட்டிவிட்டு, கை கழுவக் கீழே போனேன். விழாவுக்காக சார் அனுப்பிய சாமியானாக்காரன் அங்கே பிடித்துக்கொண்டதில் இருபது நிமிடம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது மைனி ஒரு சீட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எலே, ஒனக்கு ஒரு பொண்ணு பாத்திருக்கேன். ஒற்றசேகரமங்கலம். டீச்சர் டிரெயினிங் முடிச்சாச்சு. நல்ல லட்சணமாக்கும்."

"எங்கேர்ந்து கிட்டிச்சு மைனி?"

"ஒனக்க பெட்டியில இருந்துதான். நீ முன்வாசல்ல பூட்டு போட்டிருக்கே மக்கா. புறவாசல் தொறந்து கெடக்கு."

என் பதிவைத் திறந்தபோது திரையின் மேலே இணைய முகவரியின் கடைசியில் 1 என்ற எண் நின்றதை அவள் கவனித்திருக்கிறாள். நான் போனதும் அந்த முகவரியை அப்படியே அடித்து, 1 இருந்த இடத்தில் 2 போட்டாள். கடவுச்சொல் கேட்கவே இல்லை. பிறகு 3, 4 என்று வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். அந்த நாளில் படம் நெற்றியில் தொடங்கித் தாடைக்கு வந்து சேரச் சில நிமிடம் ஆகும். காத்திருந்த நேரத்தில் அப்பா பெயர், வீட்டுக்கு வழி, பி.பி. நம்பர் எல்லாவற்றையும் குறித்துவிட்டாள். பி.பி. நம்பர் என்றால் பக்கத்து வீட்டுப் போன். கூப்பிட்டால் அவர்கள் ஓடிப்போய்ப் பெண்ணை அழைத்து வருவார்கள்.

நாற்பது பெண்களின் முகமும் வீடும் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது, நாளைக்குத் தளத்தின் முகவரியை மைக்கில் அறிவிக்கப் போகிறார்கள். சொல்லாமல் சரிசெய்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மைனி முகத்தைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது. அவள் அறிந்த எதுவும் ரகசியமாக இருந்ததில்லை. நேரே சாரின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் அதிகம் உறைத்தது.

"பிள்ளைகளுக்க விவரம் வெளிய போச்சா?"

"மைனிக்க கையில ஒரு சீட்டு மட்டும் உண்டு சார்."

"அப்பம் அத முதல்ல கிழி. பின்ன பூட்டு."

கிழித்தேன். மைனியின் கண் முன்னாலேயே கிழித்தேன். "தங்கம் போல ஒரு ஆலோசனைய கிழிச்சிட்டியே" என்றவள் இரண்டு வாரம் மீன்குழம்பு அனுப்பவில்லை.

அன்று உட்கார்ந்து அந்த நிரலை முதல் முறையாக வரிவரியாக வாசித்தேன். முகப்பில் மட்டும்தான் யார் நீ என்று கேட்டது. உள்ளே எந்த அறையிலும் கேட்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அந்தக் கேள்வியை எழுதிச் சேர்த்தேன். மறுநாள் விழா ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது, பாயசம் ஆறிப்போனது. வேறு சேதமில்லை.

கையோடு அந்தக் குளிர்தேசத்து மனிதருக்கும் எழுதினேன். பிழையைக் கண்டது நானில்லை, என் மைனி என்று உள்ளதைச் சொன்னேன். இரண்டு வாரத்தில் புதிய பதிப்பு வந்தது. மாற்றங்களின் பட்டியலில் ஒரு வரி: உள்பக்கங்கள் பூட்டப்படாமல் இருந்ததைக் கண்டுபிடித்தவர் மைனி, பாறசாலை, இந்தியா, அவருக்கு நன்றி. அச்சடித்து, கோடு போட்டு, கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதுக்கு என்ன கிட்டும்?" என்றாள்.

"ஒண்ணும் கிட்டாது மைனி. பேரு மட்டும்."

"ஊருக்க பேரும் உண்டே" என்று சொல்லிவிட்டுப் பசையைத் தேடினாள். சண்டை அத்தோடு தீர்ந்தது.

இன்று அடுத்தவர் தளங்களில் ஓட்டை தேடுவதே என் பிழைப்பு. திறந்த நிரல் பாதுகாப்பானது, பல பேர் பார்க்கிறார்கள் என்று கூட்டங்களில் நானும் பேசுகிறேன். பேசும்போதெல்லாம் உள்ளே ஒரு கூச்சம் வரும். மூன்று மாதம் கையில் வைத்திருந்து நான் பார்க்கவில்லையே. திறந்து வைக்க ஒரு நல்ல மனிதர் இருந்தார், எட்டிப் பார்க்க மைனி ஒருத்திதான் இருந்தாள். என்னிடம் இருக்கும் கருவிகள் ஆயிரம் கதவைத் தட்டும். ஆனால் வாழைக்கன்று கேட்க அவற்றுக்குத் தெரியாது.

போன ஓணத்துக்குப் போயிருந்தபோது, என் மனைவிக்குப் புடவை எடுத்துக் கொடுக்க மைனி அலமாரியைத் திறந்தாள். தாள் மஞ்சளாகிவிட்டது, எழுத்து மங்கிவிட்டது, என் நீலக் கோடு மட்டும் பளிச்சென்று இருந்தது. நான் பழைய பெருமையில், "நல்ல வேளை மைனி, அன்னைக்கு ஒண்ணும் வெளிய போகல்ல. இருந்த ஒரு சீட்டையும் கிழிச்சாச்சு" என்றேன்.

மைனி புடவையை மடித்தபடியே, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரு போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். பிறகு அப்பா பெயரைச் சொன்னாள். ரேஷன் கடைக்கு எதிர்வீடு, முற்றத்தில் ஒரு பலா மரம் என்றாள்.

"யாருக்க நம்பர் மைனி?" என்று என் மனைவி கேட்டாள்.

"இவன் கிழிச்ச நம்பராக்கும்" என்றாள் மைனி. அலமாரியைச் சாத்தி, பூட்டி, கைப்பிடியை ஒரு முறை இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.