தொய்யாத வலை

எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே லைன்மேன்தான். இருபத்தாறு வருஷம் மின்கம்பம் ஏறியவர். புயலடித்து ஊரே இருண்டு கிடந்தாலும், அவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று கேள்விப்பட்டால் மெழுகுவத்தி தேடுவதை விட்டுவிடுவோம். ஒரு மழைக்காலத்தில் கம்பம் முறிந்து அவரும் கூடவே விழுந்தார். இடுப்பு எலும்பு ஒருவழியாகக் கூடியது. ஆனால் இனி ஏணியில்கூட ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் புகார் போன் எடுக்கும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "எங்க வீட்ல கரன்ட் இல்லை" என்பதை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வருகிற மனிதர், வீட்டில் வாயே திறப்பதில்லை.

கோழிகள் அவர் மனைவியுடையவை. வீட்டுக்குப் பின்னால், சமையலறைக் கதவைத் திறந்தால் காலில் இடறும் தூரத்தில், கம்பிவலை வேலி போட்டுப் பதினோரு கோழி வளர்த்தாள். நாய், பூனை எது வந்தாலும் வேலி பார்த்துக்கொண்டது. மேலே மட்டும் திறந்து கிடந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தாய்க்கோழி ஒன்பது குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. தரையில் நிழல் ஒன்று ஓடியது. அவள் நிமிர்வதற்குள் பருந்து ஒரு குஞ்சோடு போயே போய்விட்டது. மறுநாள் இன்னொன்று. பளபளக்கும் ரிப்பன் கட்டிப் பார்த்தாள். லைன்மேனின் பழைய காக்கிச் சட்டையை மாட்டி ஒரு பொம்மை நிறுத்தினாள். அடுத்த நாள் பருந்து அந்தப் பொம்மையின் தோளிலேயே வந்து உட்கார்ந்தது.

"என்னங்க, உங்க சட்டைக்கே மரியாதை இல்லையே!" என்றாள். விழுந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

விஷயம் கேள்விப்பட்ட அவள் தம்பி, பழமரத்துக்குப் போடும் மெல்லிய நைலான் வலை ஒன்றைக் கொண்டுவந்து வேலிமேல் விரித்தான். "இனிமே ஈகூட உள்ள வராது மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஈ வரவில்லை, பருந்து வந்தது. அந்த மெல்லிய நூல் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. வலை தொய்ந்து கிடந்த பள்ளத்தில் பாய்ந்து, இறக்கை முறுக்கிக்கொள்ளத் தலைகீழாகத் தொங்கியது. கோழிகள் போட்ட கூச்சலில் லைன்மேன் முன்னால் வர, அவள் துடைப்பத்தோடு பின்னாலேயே ஓடிவந்தாள்.

"இன்னையோட தொலையட்டும், தள்ளுங்க!"

"வேண்டாம்மா. அது பசிக்கு வருது. தப்பு நம்ம வலையில இருக்கு. துண்டும் கத்தரிக்கோலும் கொண்டா."

தலையில் துண்டைப் போட்டதும் பருந்து அடங்கியது. அவர் நூல் நூலாக வெட்டினார். அரைமணி நேரம் ஆனது. நகம் கிழித்து மணிக்கட்டில் ரத்தம் வழிந்தது. கடைசி இழை அறுந்ததும் துண்டை உருவினார். பறவை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்து, சிறகை உதறிவிட்டுப் பறந்தது.

அவர் உள்ளே போகவில்லை. கிழிந்த வலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதெல்லாம் ஒரு வலையா? ஈரத்துணி மாதிரி தொங்குது. தொய்வு இருந்தா காத்தும் கிழிக்கும், பறவையும் மாட்டும். லைன்ல நான் இப்படித் தொய்வு விட்டிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க!"

அவர் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசி ஒரு வருஷம் ஆகிறது என்று பிற்பாடு அவள் எல்லாரிடமும் சொன்னாள்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டார். நாலு மூலைக்கும் இரும்புக் குழாய், அடியில் கான்கிரீட். ஒவ்வொரு குழாயையும் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிக்க, தரையில் முளையடித்து ஒரு கம்பி. மேலே குறுக்கும் நெடுக்குமாக விறைப்பான கம்பிகள். அவற்றின்மேல் தூரத்திலிருந்தே பறவைக்குத் தெரிகிற தடித்த கறுப்பு வலை. ஓரத்தை ஒரு சாணுக்கு ஒரு கட்டாக வேலியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ஆள் குனியாமல் நடக்கிற உயரம்.

எல்லாம் சரி, ஏறுவது யார்? தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

"நான் ஏறுறேன்" என்று செருப்பைக் கழற்றினாள் அவள். அவர் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இழு... இன்னும் கொஞ்சம்... ஐயோ, முடிச்சு அப்படி இல்லை, உள்பக்கமா சுத்து!"

"கத்தாதீங்க. கீழ நின்னு சொல்றது சுலபம்."

"இருபத்தாறு வருஷம் மேல நின்னவன்மா நான்."

"அத்தனை வருஷமும் கீழ நான் எப்படி இருந்திருப்பேன்னு இப்பத் தெரியுதா?"

அவர் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. அவள் கம்பியைச் சுண்டினாள், டங் என்றது. அந்த வாரமே பருந்து வந்தது. மேலிருந்து சரிந்து இறங்கி, பாதி வழியில் வலையைக் கண்டு இறக்கையை விரித்துத் திரும்பிவிட்டது. குஞ்சுகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த ஏழும் வளர்ந்து கோழியாயின.

பிறகு எங்கள் தெருவே வந்து பார்த்தது. முதலில் பேக்கரிக்காரர் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். லைன்மேன் டேப்பும் பென்சிலுமாக முன்னால் போக, அவள் தோளில் கம்பிச் சுருளோடு பின்னால் போனாள். அந்த வருஷத்தில் ஐந்து கொல்லைகளுக்கு மேல்வலை போட்டார்கள். டாக்டர் சொன்னதை அவர் ஒரு நாளும் மீறவில்லை.

ஏதோ கையெழுத்துக்காக வீட்டுக்கு வந்த அலுவலக இன்ஜினியர், பின்கதவு வழியாக வலையைப் பார்த்துவிட்டு நேரே அங்கே போனார். கம்பியை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"யாருங்க இழுத்தது? நம்ம ஆளுங்ககூட இவ்வளவு கச்சிதமா இழுக்க மாட்டாங்களே."

லைன்மேன் நிமிர்ந்து நின்றார். "எங்க வீட்டம்மா சார். கம்பத்துல ஏத்தி விட்டிருந்தா என்னையே தூக்கிச் சாப்பிட்டிருப்பா."

டீயோடு வந்தவள் வெட்கப்பட்டு உள்ளே ஓடவில்லை. தட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, "அந்த மூலையைப் பாருங்க சார், அங்கதான் ரொம்பச் சிரமப்பட்டேன்" என்று இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு போனாள்.