தேங்காய் எண்ணெயில் சிவப்பு விளக்கு

புனே பக்கம் நிக்டியில் எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கும் சென்னியப்பன் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதில் பாதி அவரைத் திட்டுவதாகத்தான் இருக்கும்.

ஈரோட்டுப் பக்கத்துக்காரர். அறுபதை நெருங்குகிறார். கசார்வாடியில் உணவுப் பரிசோதனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் சின்னப் பட்டறை ஒன்றில் வெகுகாலமாக வேலை. பாலில் எவ்வளவு தண்ணீர், பழரசத்தில் எவ்வளவு சர்க்கரை, ஊறுகாயில் எவ்வளவு புளிப்பு என்று சொல்லும் கருவிகளெல்லாம் அவர் மேஜைக்கு வந்துதான் தேறிப் போகும். தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்தார். அதற்குப் பிறகு அவருக்குப் பெண் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை, வாய்விட்டுக் கேட்கிற ஆளும் அவர் இல்லை. அப்படியே வயதாகிவிட்டது.

வந்த புதிதில் அவரை நாங்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டுதான் ஆடினோம். எங்கள் பால்காரனின் பாலை அளந்து பார்த்து, அவன் முகத்துக்கு நேரே அளவைக் காட்டினார். மறுநாளிலிருந்து பால் கெட்டியாக வந்தது. தெருமுனை வடாபாவ் கடையில் எண்ணெய் மீட்டரை விட்டுப் பார்த்து, "காகா, தேல் பதலா" என்று எண்ணெயை மாற்றச் சொல்லிவிட்டு வருவார். அந்த மீட்டர் ஒரு முழ நீளக் கம்பி, மேலே சின்னத் திரை. நுனியைச் சூடான எண்ணெயில் விட்டால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு எரியும். திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கெட்டுப்போன எண்ணெய் என்றால் சிவப்பு. கொட்டிவிட வேண்டியதுதான்.

எல்லோரும் அவரைப் புகழ்ந்தோமே தவிர, வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க என்று யாரும் கூப்பிடவில்லை. நானும்தான். சாம்பாரில் எதையாவது விட்டுப் பார்த்துவிடுவாரோ என்று ஒரு பயம். தரைத்தளத்துத் தர்மாம்பாள் ஒருத்திக்குத்தான் அந்தப் பயம் இல்லை. நாகர்கோவில்காரி. கணவர் ராணுவத் தளவாடக் கிடங்கில் இருந்தவர், காலமாகிவிட்டார். மகன் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆப்பமோ புட்டோ செய்தால், ஒரு தூக்குவாளியில் போட்டுக்கொண்டு மாடியேறிச் சென்னியப்பன் வீட்டில் கொடுத்துவிட்டு வருவாள். வாசலிலேயே நின்று ஐந்து நிமிடம் பேசுவாள், அவ்வளவுதான். அவள் கை நிறையத் தூக்கிக்கொண்டு வந்து மணி அடிக்க வேண்டாமே என்று ஞாயிறு காலைகளில் அவர் கதவை ஒரு சாண் திறந்தே வைத்திருப்பார். வாரத்தில் அவருக்கு வீட்டுச் சாப்பாடும் வீட்டுப் பேச்சும் அது ஒன்றுதான். அதையும் கெடுத்துக்கொண்டார்.

பொங்கலன்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மொட்டை மாடியில் பொங்கல் வைப்போம். ஒரு வருடம் தர்மாம்பாள் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டாள். அவர்கள் ஊர் வழக்கப்படி தேங்காய் எண்ணெயில். மாடி முழுக்க மணம். குழந்தைகள் வாணலியைச் சுற்றி நின்று, சூட்டோடு சூடாக வாங்கித் தின்றார்கள். சென்னியப்பன் தோள்பையிலிருந்து மீட்டரை எடுத்தார். யாரும் கேட்கவில்லை. ஒரு தடவை எல்லோருக்கும் பச்சை விளக்கைக் காட்டிவிட வேண்டும், அவளுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தாராம். பிற்பாடு என்னிடம் சொன்னார்.

விளக்கு சிவப்பாக எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டார். மறுபடியும் சிவப்பு.

"ஏனுங்கம்மா, இது பழைய எண்ணெயிங்களா?" என்று கேட்டார். எல்லோர் காதிலும் விழுந்தது.

"இல்ல அண்ணாச்சி, இன்னைக்குக் காலைல பொட்டிச்ச டின்னாக்கும்."

"மெசின் பொய் சொல்லாதுங்கம்மா."

இந்த ஒரு வார்த்தைதான். எங்கள் சங்கச் செயலாளர் அனந்தராமன் ஐ.டி.க்காரர், எதற்கெடுத்தாலும் பதறுகிறவர். குழந்தைகள் கையிலிருந்த சிப்ஸைப் பிடுங்கிக் குப்பைப் பையில் போட்டார். தர்மாம்பாள் அடுப்பை அணைத்தாள். எண்ணெய் ஆறும்வரை பக்கத்திலேயே நின்றிருந்து, வாணலியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு தனியாகப் படி இறங்கினாள். கூடப் போய் ஒரு பக்கம் பிடிக்க எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு தூக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சென்னியப்பன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபம் ஆறிவிடும் என்று நினைத்திருப்பார். வாசலில் எதிர்ப்பட்டால் அவள் தலையசைப்பாள், நிற்க மாட்டாள். மனுஷர் இளைத்துப்போனார்.

மழைக்காலத்தில் பிம்ப்ரியிலிருந்து ஒரு கடைக்காரர் பட்டறைக்குப் போன் செய்தார். மலையாளி, சிப்ஸ் கடை. புதிதாக வாங்கிய எண்ணெய் மீட்டர் எப்போதும் சிவப்பே காட்டுகிறது, ரிப்பேர் என்று புகார். சென்னியப்பன் போனார். அவர் கண்ணெதிரிலேயே புது டின் தேங்காய் எண்ணெயை உடைத்துக் காய்ச்சினார்கள். சிவப்பு. தன்னுடைய மீட்டரை விட்டுப் பார்த்தார். அதுவும் சிவப்பு. மீட்டர் தயாரிக்கிற கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார். சோயா, கடலை, பாமாயில் இவற்றுக்குத்தான் அந்த விளக்கெல்லாம் சரி, தேங்காய் எண்ணெய் புதிதாக இருந்தாலும் அளவு கூடத்தான் காட்டும் என்று சாதாரணமாகச் சொன்னார்களாம். இத்தனை வருடப் புனே வாழ்க்கையில், அந்தப் பொங்கலுக்கு முன்னால், தேங்காய் எண்ணெயில் பொரிக்கிற வாணலி எதிலும் அவர் அந்தக் கம்பியை விட்டதில்லை.

அன்று மாலை நனைந்துகொண்டே என் வீட்டுக்கு வந்தார். கையில் சீல் உடைக்காத எண்ணெய் டின், பையில் மீட்டர். "கிரிஜாம்மா, கொஞ்சம் கூட வர்றீங்களா? தனியாப் போகப் பயமா இருக்குதுங்க" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

தர்மாம்பாள் கதவைத் திறந்தாள். அடுப்பைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். வழிவிட்டாள். அவர் டின்னை உடைத்து, எண்ணெயைக் காயவைத்து, கம்பியை விட்டார். சிவப்பு எரிந்தது.

"பாத்தீங்களாம்மா? இப்ப உடைச்ச எண்ணெய்ங்க. இதுக்கே சிவப்பு. அன்னைக்கு உங்க மேல தப்பே இல்லீங்க!"

தர்மாம்பாள் அடுப்பை அணைத்தாள்.

"அண்ணாச்சி, இதத்தான நான் அன்னைக்கே சொன்னேன். என் கையால எத்தன நாள் சாப்பிட்டிய. ஒரு நாளாவது கெட்டதக் கொண்டு தந்திருக்கேனா? நான் சொன்னது உங்களுக்குப் பத்தல. இப்பவும் இந்தக் கம்பி சொல்லித்தான் நம்புதிய. நாளைக்கு இது வேற மாதிரிச் சொல்லிச்சுன்னா என்ன செய்விய?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. எங்கள் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அந்த வீட்டில் வெறும் டீ கொடுத்து யாரையும் அனுப்பி நான் பார்த்ததில்லை. குடித்துவிட்டு எழுந்தோம். அதற்குள் ஆறியிருந்த எண்ணெயை டின்னிலேயே ஊற்றி, மூடி, அவர் கையில் கொடுத்தாள்.

படிக்கட்டில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என்னங்க மனுஷன் நீங்க! அந்தக் கம்பியைத் தூக்கிப் போட்டுட்டு, தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நிரூபிச்சுட்டுக் கேக்கலாம்னு இருந்தேனுங்க" என்றார்.

அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டேன். முதல் தடவையாகக் கூப்பிட்டேன். பசி இல்லை என்று சொல்லிவிட்டார்.

இப்போதும் ஞாயிறு காலையில் அவர் வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. போன வாரம் லிஃப்ட் ஓடவில்லை. காய்கறிப் பையோடு படியேறிக்கொண்டிருந்தேன். காலடிச் சத்தம் கேட்டு உள்ளே நாற்காலி நகர்ந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவசரமாக வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும், "தக்காளி என்ன விலைங்க?" என்று கேட்டார். சொன்னேன். காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. உள்ளே போய் மறுபடி உட்கார்ந்துகொண்டார். கதவைச் சாத்தவில்லை.