உண்மையைச் சும்மா கொடுத்த ஒச்சப்பன்

கொச்சி மட்டாஞ்சேரியில் பழம்பொருள் விற்கும் ரமேஷ்பாபுவின் கடையில், மரப்பெட்டிகளுக்கு வயதேற்றுகிறவர் ஒச்சப்பன். உசிலம்பட்டிக்காரர். பால் சேர்க்காத கட்டன்சாயாவை இரண்டு முறை பூசி, துருப்பிடித்த ஆணி ஊறிய வினிகரைத் தடவினால், புதுத் தேக்குப் பெட்டி மறுநாளே கறுத்து நூறு வயதைத் தாண்டிவிடும். இதை அவர் ஒளிப்பதில்லை. கேட்காதவருக்கும் சொல்வார்.

ஆறு வருடம் ஊர் சுற்றிவிட்டு வந்து அங்கே பில் போடும் எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. சீனாவில் ஒரு மலைமேல் ஒருவர் பத்து நாள் தாவோ தத்துவம் சொல்லித்தந்தார். அறிந்ததைத் தேக்காதே, தண்ணீரைப் போல் கீழே போகவிடு என்பதுதான் பாடம். கட்டணம் கட்டியிருந்ததால் எல்லோரும் கண்ணை மூடித் தலையாட்டினோம். அதையே ஒச்சப்பன் சும்மா செய்தால் கிறுக்கன்.

போன மாதம் ரமேஷ்பாபு பொறுமை இழந்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "அண்ணே, இனி ஒராள்கிட்ட இத பறஞ்சா, வேற கடை நோக்கிக்கோங்க."

ஒச்சப்பனின் மகள் விஷ்ணுப்ரியாவுக்குக் கல்லூரியில் இன்னும் ஒரு வருடம் பாக்கி. அவர் வாயை மூடிக்கொண்டார்.

அந்த வாரம் ஒரு பெட்டியும் போகவில்லை. வந்தவர்கள் அவரிடம் விசாரிப்பார்கள். அவர் தரையைப் பார்ப்பார். ஏதோ வில்லங்கம் என்று நழுவிவிடுவார்கள். முன்பு அவர் உள்ளதைச் சொன்னபோது ஒருவரும் நம்பியதில்லை. சும்மா வருகிற பேச்சு உண்மையாக இருக்குமா? நல்ல பெட்டியைக் கிழவன் அமுக்கப் பார்க்கிறான் என்று பேரம்கூடப் பேசாமல் தூக்கிப்போனார்கள். எல்லாம் மெத்தப் படித்தவர்கள்.

எட்டாம் நாள் கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் மனைவியோடு வந்தார். ரமேஷ்பாபு ஒச்சப்பனை ஓரமாக இழுத்தார்.

"சார்கிட்ட சொல்லுங்க அண்ணே."

"என்னத்தச் சொல்ல?"

"எப்பவும் சொல்றதுதான்."

"சொன்னா வேல போயிரும்னீகளே மொதலாளி."

"சொல்லலேன்னா எல்லாருக்கும் போகும்."

ஒச்சப்பன் டாக்டரிடம் போனார். "சார், இது மூணு வாரத்துக்கு முந்தி நாஞ் செஞ்சது. சாயா வாசம் இன்னும் போகல. மோந்து பாருங்க."

டாக்டர் மூடியைத் திறந்து நீளமாக மோந்தார். "ஏலக்காய்," என்றார் மனைவியிடம். "கப்பல்ல போயிட்டு வந்த பெட்டி. கிழவன் நம்மள விரட்டிட்டு அமுக்கப் பார்க்கிறான்."

பில்லை நான்தான் போட்டேன்.

அவர்கள் போனதும் ரமேஷ்பாபு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அண்ணே, உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. தாராளமா பறயுங்க."

"ஒருத்தனாச்சும் நம்புனாத்தான மொதலாளி வேல போகும்," என்றார் ஒச்சப்பன்.