கடைசிக் கரண்டிக்கும் விற்பனை வரி

விற்பனை வரிக் கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்குக் கடை திறக்கிறவர் லட்டு கொடுப்பார். கடை மூடுகிறவர் தலைவலி கொடுப்பார். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட என் சகோதரர்களுக்கு இது புதிதல்ல. அறுபதுகளில், மாதுங்காவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். தாராவி சுடலைமுத்து அண்ணாச்சி ஒருவரே மூன்று மாதத்துக்குப் போதுமான தலைவலியைக் கொடுத்தார்.

அவருக்கு அலுமினியப் பாத்திரக் கடை. செம்பூரில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனை எடுத்து நடத்த வாய்ப்பு வந்ததால் கடையை விட்டுவிட்டார். ஆனால் பழைய கடையின் வரிப் பதிவு ரத்தான ஆர்டரைத் தீபாவளிக்குள் காட்டாவிட்டால் கேன்டீன் வேறு ஆளுக்கு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

ஒன்றுமில்லை என்று ஒரு கணக்கு

சரக்கை உல்லாஸ்நகர் வியாபாரி ஒருவரிடம் மொத்தமாகத் தள்ளிவிட்டு, கைவீசிக்கொண்டு வந்தார். பதிவு ரத்தாகும் வரை கணக்கு கொடுத்தே ஆகவேண்டும் என்றேன். விற்பனை 'இல்லை', வரி 'இல்லை' என்று நான் மூன்று பிரதிகளிலும் நிரப்பி முடிக்கும் வரை பொறுமையாகப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லங்கதுக்கா சாமி மூணு காப்பி?" என்றார்.

கையெழுத்துப் போடாத கை

ரத்துக்கான மனுவில், 'வியாபாரத்தை நிரந்தரமாக மூடிவிட்டேன்' என்று எழுதவேண்டும். அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பதினெட்டு வருஷம் சோறு போட்ட கடையை மூடினேன் என்று அவர் கையெழுத்துப் போடமாட்டாராம். தினமும் ராத்திரி கடை சாத்தும்போதுகூட 'எடுத்து வைக்கிறேன்' என்றுதான் சொல்வாராம். 'தற்சமயம் நிறுத்தி வைத்திருக்கிறேன்' என்று போடச் சொன்னார். நானும் புத்தி கெட்டுப்போய் அப்படியே எழுதினேன். நிறுத்தி வைத்ததற்கு ரத்து எதற்கு என்று கேட்டு ஆபீஸ் திருப்பி அனுப்பியது. மூன்று வாரம் வீண். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

இரண்டாம் தடவை மனைவி பொன்னம்மாளையும் அழைத்து வந்தார். முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் என்னிடம் சொன்னது: "என்னயக் கட்டுததுக்குக்கூட இவிய இம்புட்டு யோசிக்கல, சாமி."

வெள்ளிக்கிழமை விளக்கு

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், கடை மூடித்தான் இருக்கிறதா என்று பார்க்க மராத்திக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். நானும் கூடப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே குத்துவிளக்கு, பூ, சாம்பிராணிப் புகை. அன்று வெள்ளிக்கிழமை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. போதாததற்கு ஒரு அம்மாள் புதுக் கரண்டியோடு படியிறங்கிப் போகிறார். அண்ணாச்சி கையில் நாலணா. விளக்கு எரியும்போது வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று, மூலையில் மிச்சமிருந்த ஒரே கரண்டியை விற்றுவிட்டார்.

"தந்தா சாலூ ஹை" என்றார் இன்ஸ்பெக்டர். வியாபாரம் நடக்கிறது என்று அவர் எழுதிவிட்டால் கேன்டீன் போச்சு. அண்ணாச்சி மட்டும் பதறவில்லை. மறுநாள் வேறொருவருக்குச் சாவி கொடுக்கப் போவதாகவும், இருட்டுக் கடையை ஒருவர் கையில் கொடுப்பது பாவமென்றும், விளக்கு தனக்கல்ல, வரப்போகிறவனுக்கு என்றும் தாராவி ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். விளக்கைக் கும்பிட்டார். வெறும் அலமாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கரண்டிக்கு பில் போட்டு வரியையும் கட்டச் சொல்லிவிட்டு, கடை மூடியிருப்பதாக எழுதினார். போகும்போது என்னிடம் ஹிந்தியில் சொன்னார்: "சாவி கொடுக்கும் வரை நீங்களே வாசலில் நில்லுங்கள், இன்னொரு கரண்டி விற்றால் என் வேலை போய்விடும்."

ஆர்டர் வந்த நாள்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு ரத்து ஆர்டர் வந்தது. அண்ணாச்சி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு நிறைந்திருந்தது. நேரே செம்பூருக்குப் போய், கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாயங்காலமே திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கேன்டீனுக்குப் புதுப் பதிவு இன்னைக்கே எழுதிருவோமா, சாமி? மூடுத பேச்சு மட்டும் இனி எடுக்காதீய."

கடை திறக்க ஒரு தேங்காய் போதும், மூடத்தான் என்னைப் போல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்பதால்தான் எங்கள் வீட்டிலும் அடுப்பு எரிகிறது.